தாத்தாவின் வட்ட ரம்ப மேசையை மீண்டும் ஓட்ட முடியுமா?

தென்னந்தோப்புக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் இடையில் உள்ள எங்கள் தோப்பில், என் தாத்தா காலத்து எஞ்சின் கொட்டகை ஒன்று இருக்கிறது. அதற்குள் லிஸ்டர் வகையைச் சேர்ந்த, ராஜ்கோட்டில் செய்யப்பட்ட 6 குதிரைத்திறன் டீசல் எஞ்சினும், வார்ப்பிரும்புக் கால்கள் கொண்ட ஒரு மரம் அறுக்கும் மேசையும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓடாமல் கிடக்கின்றன. தாத்தா இருந்தவரை எங்கள் வீட்டுக்கும் பங்காளிகள் வீட்டுக்கும் வேண்டிய சட்டம், ரீப்பர், கதவுப் பலகை எல்லாம் அதில்தான் அறுபட்டன என்று சித்தப்பா சொல்லுவார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது சாய்ந்த மரங்களை என்ன செய்வதென்று தெரியாமல் விறகு விலைக்கும் செங்கல் சூளைக்கும் கொடுத்துவிட்டோம். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. இப்போது மாட்டுக்கொட்டகையைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. தோப்பில் பட்டுப்போன வேம்பு மூன்றும், பூவரசு இரண்டும், காய்ப்பு ஓய்ந்த தென்னைகள் பன்னிரண்டும் நிற்கின்றன. இவற்றை நாமே அறுத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் என் எண்ணம்.

எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறாமல் விடுவிக்கும் டிகம்ப்ரஷன் நெம்புகோலைத் தூக்கிக் கையால் சுற்றினால் சக்கரம் சுற்றுகிறது. நெம்புகோலை விட்டால் அழுத்தமும் நன்றாகவே தெரிகிறது. அதன் தகட்டில் நிமிடத்துக்கு 650 சுற்று என்று அடித்திருக்கிறார்கள். எஞ்சின் புல்லியின் விட்டம் 20 அங்குலம், மேசைக்கு அடியில் உள்ள ஷாஃப்ட்டின் புல்லி 10 அங்குலம். ஷாஃப்ட்டின் இரண்டு முனைகளிலும் இருப்பது குண்டு பேரிங் அல்ல. வெள்ளி நிறத்தில் ஏதோ உலோகம் வார்த்திருக்கிறார்கள். ரம்பம் மட்டும் மேசையில் இல்லை, கொட்டகைத் தூணில் ஆணியடித்து மாட்டியிருந்தது. அது 36 அங்குல வட்ட ரம்பம். துரு ஏறியிருக்கிறது, ஒரு பல்லின் அடிக்குழியிலிருந்து முக்கால் அங்குல நீளத்துக்கு ஒரு மயிர்க்கோடு தெரிகிறது. அந்தக் கோட்டின் முனையில் ஒரு துளை போட்டுவிட்டால் விரிசல் மேலே போகாது என்று உள்ளூர் வெல்டர் ஒருவர் சொல்கிறார். ரம்பத்தைத் தீட்டி மாட்டி, எஞ்சினைக் கிளப்பிவிடலாமா, அல்லது அதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு உண்டா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற ஃபிட்டர்:

தம்பி, உங்கள் கேள்வியில் எஞ்சினைப் பற்றி அதிகமாகவும் ரம்பத்தைப் பற்றிக் குறைவாகவும் எழுதியிருக்கிறீர்கள். மர ஆலையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் முதலில் ரம்பத்தைத்தான் கேட்பேன். நீங்கள் கொடுத்த அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டேன். ஓர் இடத்தில் இடிக்கிறது.

எஞ்சின் 650 சுற்று. புல்லிகள் 20க்கு 10. ஆகவே பெல்ட் வழுக்கலை விட்டுவிட்டால் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1300 சுற்று சுற்றும். 36 அங்குல ரம்பத்தின் சுற்றளவு ஏறக்குறைய ஒன்பதரை அடி. அதை 1300ஆல் பெருக்கினால் பல்லின் வேகம் நிமிடத்துக்கு 12,200 அடிக்கு மேல் போகிறது. சாதாரண எஃகு ரம்பத்துக்கு எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் அடி வரைதான் நாங்கள் வைப்போம். வட்ட ரம்பம் வெறும் தட்டையான தகடு அன்று. சுழலும்போது அதன் விளிம்பு வெளிநோக்கி இழுபட்டு விரியும் என்பதால், அந்த விரிவுக்கு இடம் கொடுக்கும்படி நடுப்பகுதியைச் சுத்தியலால் தட்டிச் சற்றே தளர்த்தி வைத்திருப்பார்கள். அந்தத் தட்டல் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கென்றே செய்யப்படுவது. அந்த வேகத்தில் ரம்பம் கம்பி போல நேராக நிற்கும், அதைவிட மிகக் கூடுதலாகவோ குறைவாகவோ ஓடினால் பாம்பு போல அலையும், பலகை ஒருபக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வரும். இது ஒருபுறம் இருக்க, 36 அங்குல ரம்பம் ஈரமான வேம்பில் ஆழமாக இறங்கும்போது 6 குதிரைத்திறன் போதவே போதாது. உங்கள் தாத்தா விவரம் தெரிந்தவராகத்தான் தெரிகிறது. அவர் இப்படி ஒரு பொருத்தத்தை வைத்திருக்க மாட்டார்.

அதே 1300 சுற்றில் 24 அங்குல ரம்பத்தை வைத்துப் பாருங்கள்: பல்லின் வேகம் சுமார் 8,170 அடி. புல்லிகள் அதற்கென்றே எடுத்தவை போல அச்சாகப் பொருந்துகின்றன. ஆகையால் தூணில் தொங்கும் ரம்பம் இந்த மேசைக்கு உரியது தானா என்பதே என் சந்தேகம். மூன்று அளவுகள் எடுத்துச் சொல்லுங்கள்: மேசைப் பலகையில் ரம்பம் வெளிவரும் வெட்டின் நீளம், ஷாஃப்ட்டில் காலர் (ரம்பத்தை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) அமரும் இடத்தின் விட்டம், ரம்பத்தின் நடுத்துளையின் விட்டம். மேசை மட்டத்திலிருந்து ஷாஃப்ட்டின் மையம் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விரிசலைப் பற்றி இரண்டு கருத்துக்கு இடமில்லை. முனையில் துளை போட்டு நிறுத்துவது பழைய காலத்திலிருந்து செய்யப்படும் வேலைதான். ஆனால் விரிசல் எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை, துளை தள்ளி விழுந்தால் பயனில்லை. அந்த ரம்பத்தைக் கத்தி செய்கிற கொல்லரிடம் கொடுத்துவிடுங்கள். நல்ல எஃகு, அரிவாளுக்கு ஆகும். விரிசல் ஏன் வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்: பல்லின் அடிக்குழியை வட்ட அரத்தால் உருண்டையாக வைக்காமல், முக்கோண அரத்தாலேயே தொடர்ந்து தீட்டிக்கொண்டு வந்தால் குழியில் கூர்மூலை விழும், எல்லா விரிசலும் அந்த மூலையிலிருந்துதான் கிளம்பும்.

மரக்கடை நடத்துபவர்:

ஐயா சொல்லும் கணக்கு சரியானது. ஆனால் தோப்புக்காரர் ரம்பம் வாங்குவதற்கு முன் ஒரு முறை வன அலுவலகத்துக்குப் போய் வருவது நல்லது என்று சொல்லவே இதை எழுதுகிறேன். நீலகிரி கூடலூர்க் காடுகள் தொடர்பாக 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு, இந்தியா முழுவதும் மர ஆலைகளின் தலையெழுத்தை மாற்றிவிட்டது. அவ்வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று வந்த இடைக்கால உத்தரவால் காடுகளுக்குள் உரிய ஒப்புதல் இல்லாமல் ஓடிய ஆலைகள் நிறுத்தப்பட்டன. 2002 அக்டோபர் 30 அன்று வந்த உத்தரவு, நீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் எந்த மாநிலமும் புதிய ஆலைக்கு இடம் கொடுக்கக் கூடாது என்றது. பிறகு 2016இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைகளால் அந்தப் பொறுப்பு மாநில அளவிலான குழுக்களுக்கு வந்தது. தமிழ்நாட்டில் மரம் சார்ந்த தொழிற்கூடங்களை ஒழுங்குபடுத்த 2010ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன.

‘இது தொழில் இல்லை, என் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குத்தான்’ என்று வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டு உருட்டுக்கட்டையை எஞ்சினில் அறுக்கத் தொடங்காதீர்கள். மாவட்ட வன அலுவலருக்கு, மேசையின் அளவு, எஞ்சினின் திறன், அறுக்கப் போகும் மரங்களின் வகை, புல எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு கட்டை அறுத்துக் கொடுத்து இருநூறு ரூபாய் வாங்கினாலும் உங்கள் கடிதத்தில் எழுதிய சொந்த உபயோகம் என்பது பொய்யாகிவிடும். உங்கள் பட்டியலில் சந்தனமும் ஈட்டி மரமும் இல்லை என்பது நிம்மதி. அவற்றின் சங்கதியே வேறு, ஈட்டிக்கு 1994ஆம் ஆண்டுத் தனிச் சட்டமே வந்தது.

இன்னொரு யோசனை. பருமனான அடிமரங்களை உரிமம் உள்ள ஓர் ஆலைக்குக் கொண்டுபோய் பேண்ட் சாவில் (நீண்ட பட்டை ரம்பத்தில்) கனமான துண்டுகளாகப் பிளந்து வந்து, சன்ன வேலையை மட்டும் உங்கள் மேசையில் வைத்துக்கொள்ளலாம். வட்ட ரம்பம் கால் அங்குல மரத்தைத் தூளாகத் தின்றுவிடும். பேண்ட் சா இரண்டு மில்லிமீட்டரோடு விட்டுவிடும். 12 அங்குலக் கட்டையில் ஓர் அங்குலப் பலகை எடுத்தால் வட்ட ரம்பத்தில் ஒன்பது வரும், பேண்ட் சாவில் பதினொன்று வரும். பூவரசில் இரண்டு பலகை என்பது சின்ன விஷயமில்லை.

தென்னந்தோப்புக்காரன்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஃபிட்டர் ஐயா கேட்ட அளவுகளை இன்று காலை எடுத்தேன். மேசையில் உள்ள வெட்டின் நீளம் 26 அங்குலம். காலர் அமரும் இடத்தில் ஷாஃப்ட் ஒன்றரை அங்குலம். தூணில் இருக்கும் ரம்பத்தின் துளையோ இரண்டு அங்குலம். மேசை மட்டத்திலிருந்து ஷாஃப்ட்டின் மையம் மூன்றரை அங்குலம் கீழே இருக்கிறது. இதைச் சொன்னதும் சித்தப்பா சிரித்துவிட்டு, அந்தப் பெரிய ரம்பம் மூடப்பட்ட ஒரு மர ஆலையின் பழைய சாமான்களோடு ஏலத்தில் வந்தது என்றும், அதை ஒரு நாளும் மேசையில் மாட்டியதில்லை என்றும் சொன்னார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்று நான் கேட்டதற்கு, ‘நீ கேட்கவில்லையே’ என்பதுதான் பதில்.

மாவட்ட வன அலுவலருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். பதில் வரும் வரை எஞ்சினையும் பேரிங்கையும் மட்டும் சரிசெய்து வைக்கலாம் என்று நினைக்கிறேன். அந்த வெள்ளி நிற உலோகத்தை எடுத்துவிட்டு குண்டு பேரிங் போட்டுவிடலாமா?

ஓய்வுபெற்ற ஃபிட்டர்:

சந்தேகம் தீர்ந்தது. 26 அங்குல வெட்டுக்குள் 36 அங்குல ரம்பம் நுழையவே நுழையாது. மையம் மூன்றரை அங்குலம் கீழே இருந்தால் மேசை மட்டத்தில் அதற்கு முப்பத்தைந்து அங்குலத்துக்கு மேல் இடம் வேண்டும். 24 அங்குல ரம்பத்துக்கு இருபத்து மூன்று போதும். முன்னும் பின்னும் ஒன்றரை ஒன்றரை அங்குலம் இடைவெளி விட்டிருக்கிறார்கள். அறுக்கும் ஆழம் எட்டரை அங்குலம் கிடைக்கும். கட்டையைப் புரட்டிப் போட்டு இரண்டு பக்கமும் அறுத்தால் பதினாறு அங்குலம் வரை சமாளிக்கலாம், ஆனால் 6 குதிரைத்திறனில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆறு அங்குல ஆழத்துக்குள் வேலையை வைத்துக்கொண்டால் எஞ்சின் திணறாது. எஞ்சின் திணறுகிறதே என்று மிக மெதுவாகத் தள்ளுவதும் தவறு. ஒவ்வொரு பல்லும் மரத்தைக் கடித்துச் சிறு செதிலாக எடுக்க வேண்டும். கடிக்காமல் உரசிக்கொண்டே போனால் மாவு போன்ற தூள் வரும், ரம்பம் சூடேறும், சூடேறினால் நான் முன்பு சொன்ன அந்தத் தட்டல் கெட்டுப்போகும். ஆகவே திறன் குறைந்த எஞ்சினுக்குப் பல் குறைவான ரம்பம் வாங்குங்கள். கார்பைடு என்னும் மிகக் கடினமான முனை வைத்த ரம்பமாக இருந்தால் தென்னைக்கு நல்லது. அதில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்று 1300க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பழைய மேசைகளுக்கு ரம்பம் வாங்குபவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

இனி பேரிங். நீங்கள் வெள்ளி நிற உலோகம் என்று சொல்வது பேபிட். ஒயிட் மெட்டல் என்றும் சொல்வோம். அதை எடுத்தெறிய அவசரப்பட வேண்டாம். முதலில் மேல் மூடியைக் கழற்றி, எண்ணெய்த் துளையில் குச்சி விட்டுப் பாருங்கள். இருபது ஆண்டுகள் கிடந்த மேசையில் நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் குளவி கூடு கட்டி அடைத்திருக்கும். மண்ணை எடுத்துக் கழுவிவிட்டு, ஷாஃப்ட்டில் நீல மை தடவி வைத்துச் சுற்றினால் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று தெரியும். பெரும்பகுதி பட்டால் சுரண்டிச் சரிசெய்து, மூடிக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடுகளில் ஒன்றை எடுத்தோ சேர்த்தோ இடைவெளியை வைத்துக்கொள்ளலாம். ஷாஃப்ட்டின் ஓர் அங்குல விட்டத்துக்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது எங்கள் கணக்கு. உங்களுக்கு ஒன்றரைப் பங்கு.

உலோகம் உடைந்தோ உதிர்ந்தோ இருந்தால் மறுபடி வார்க்க வேண்டும். ஷாஃப்ட்டை மட்டம் பார்த்து அதன் இடத்தில் நிறுத்தி, விளக்குப் புகையைப் பிடித்துக் கரி ஏற்றி, பக்கங்களைக் களிமண்ணால் அடைத்து, ஒரே ஊற்றாக ஊற்ற வேண்டும். புகைக்கரி இல்லாவிட்டால் உலோகம் ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொள்ளும். உருக்கிய உலோகத்தில் உலர்ந்த மரக்குச்சியை விட்டால் அது கருக வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது, அதுவே பதம். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஈரம். களிமண்ணிலோ வார்ப்பிரும்புக் குழியிலோ ஒரு துளி ஈரம் இருந்தால் அது ஆவியாகி, உருகிய உலோகத்தை உங்கள் முகத்தில் அடிக்கும். ஊற்றுவதற்கு முன் பேரிங் பெட்டியையும் ஷாஃப்ட்டையும் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக்கிக் காய வைக்காமல் யாரும் இந்த வேலையில் இறங்கக் கூடாது. இதைச் செய்து பழகியவர் பக்கத்தில் இல்லையென்றால் வெட்கப்படாமல் பிளம்மர் பிளாக் (குண்டு பேரிங் பொருத்திய பெட்டி) இரண்டு வாங்கிப் போட்டுவிடுங்கள்; 1300 சுற்று அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. பழமை கெட்டுவிட்டதே என்று சிலர் வருந்துவார்கள். வருந்தட்டும், ரம்பம் ஆடாமல் இருந்தால் போதும்.

எஞ்சினில் முதலில் பார்க்க வேண்டியது வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர். அது துருவில் பிடித்துக்கொண்டிருந்தால் எஞ்சின் 650இல் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும், இரண்டு மடங்கு வேகத்தில் ரம்பமும் கூடவே ஏறும். பெல்ட் மாட்டாமல் தனியாக ஓட்டி, சுற்றை அளந்து பார்த்த பிறகே பெல்ட்டைத் தொடுங்கள். இரண்டு பெரிய சக்கரங்களின் ஆரங்களிலும் குடத்திலும் விரிசல் உண்டா, சக்கரத்தை ஷாஃப்ட்டோடு பிணைக்கும் சாவி இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஓர் ஆசாரி:

தென்னையைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. வேம்பை அறுப்பது போலத் தென்னையை அறுக்கக் கூடாது. வேம்பிலும் பூவரசிலும் வைரம், அதாவது கெட்டியான பகுதி, உள்ளே இருக்கும். தென்னையிலும் பனையிலும் வைரம் வெளியே இருக்கும். தொல்காப்பிய மரபியலே அகத்தில் காழ் (வைரம்) உள்ளதை மரம் என்றும் புறத்தில் காழ் உள்ளதைப் புல் என்றும் பிரித்துவைத்திருக்கிறது. எங்கள் பட்டறையிலும் அதே பிரிவுதான். ஆகவே தென்னையை நடுவிலிருந்து பலகை எடுக்காமல், சுற்றிலும் உள்ள கெட்டியான பகுதியைத் திருப்பித் திருப்பி எடுங்கள். அடிமரத்தின் வெளிப்பகுதி உத்திரத்துக்கும் சட்டத்துக்கும் ஆகும்; நுனிப்பக்கத்து நடுச்சோறு எதற்கும் ஆகாது, விட்டுவிடலாம். தென்னை பல்லை வெகு சீக்கிரம் மழுக்கிவிடும் என்பதால் வேம்பையும் பூவரசையும் முதலில் முடித்துவிட்டு, தென்னையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வேலி ஓரத்து மரமாக இருந்தால் உள்ளே ஆணியும் முள்கம்பியும் புதைந்திருக்கும். ஆணி இருக்கும் இடத்தில் வேம்பு கருநீலமாகக் கறை படிந்திருக்கும். அதைக் கண்டால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

அறுத்ததும் பலகையின் இரண்டு முனைகளிலும் பழைய பெயின்டையோ மெழுகையோ பூசுங்கள், இல்லாவிட்டால் முனை முதலில் காய்ந்து பிளக்கும். ஓர் அங்குல ரீப்பர்த் துண்டுகளை இரண்டடிக்கு ஒன்றாக, மேலும் கீழும் ஒரே நேர்க்கோட்டில் வரும்படி இடையில் வைத்து, நிழலில் காற்றோட்டமாக அடுக்குங்கள். ஐப்பசி அடைமழைக்கு முன் அறுத்து அடுக்கிவிட்டால் தென்னையில் பூஞ்சணம் பிடிக்கும் தொல்லை குறையும்.

தென்னந்தோப்புக்காரன்:

எண்ணெய்த் துளையில் குளவிக்கூடு இருந்தது, ஐயா. கழுவி நீல மை வைத்துப் பார்த்தேன். இடப்பக்கப் பேரிங் முழுவதும் படுகிறது, வலப்பக்கத்தில் பாதிதான் படுகிறது. வலப்பக்கத்துக்குத் தெரிந்த ஒருவரை அழைத்து வார்க்கப் போகிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மீதி. ஷாஃப்ட்டில் அந்த 10 அங்குலப் புல்லிக்குப் பக்கத்திலேயே அதே அளவில் இன்னொரு புல்லி, ஷாஃப்ட்டோடு ஒட்டாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. அது தேய்ந்துபோனதா, கழற்றிவிடலாமா?

ஓய்வுபெற்ற ஃபிட்டர்:

கழற்றவே கழற்றாதீர்கள். அதுதான் உங்கள் பிரேக்குக்கு அடுத்தபடியான பாதுகாப்பு. அந்த எஞ்சினை நிறுத்தினாலும் அதன் இரண்டு சக்கரங்களின் பாரம் ரம்பத்தை வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். கட்டை மாட்டிக்கொண்டால் பெல்ட்டை அந்தச் சும்மா சுற்றும் புல்லிக்குத் தள்ளிவிட வேண்டும். உடனே ரம்பத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு அறுந்துவிடும். பெல்ட்டைத் தள்ள ஒரு கவட்டையும் நீண்ட கைப்பிடியும் இருந்திருக்கும், கொட்டகையில் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் தடித்த இரும்புப் பட்டையில் ஒன்று செய்து, அறுப்பவர் நிற்கும் இடத்திலிருந்து கைக்கு எட்டும்படி வையுங்கள். சும்மா புல்லியின் உள்துளைக்கும் வாரம் ஒருமுறை எண்ணெய் விட வேண்டும்.

ரம்பத்துக்குப் பின்னால் அதன் வளைவை ஒட்டி ஒரு தகடு நிற்க வேண்டும். ரம்ப உடலைவிடச் சற்றுத் தடிமனாகவும், அறுபடும் தடத்தைவிடச் சற்று மெல்லியதாகவும், பல்லிலிருந்து அரை அங்குலத்துக்குள்ளும் அது இருந்தால், அறுபட்ட பலகை மூடிக்கொண்டு ரம்பத்தைப் பிடித்து உங்களை நோக்கி எறியாது. ரம்பத்தின் நேர்க்கோட்டில் நீங்களும் நிற்காதீர்கள், வேடிக்கை பார்ப்பவரையும் நிற்க விடாதீர்கள். வேட்டியையும் தோள் துண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டு, அரைக்கால் சட்டையோடு வாருங்கள். பெல்ட்டுக்குத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதம் கிடையாது.

வார்ப்பு முடிந்ததும் ரம்பம் இல்லாமல் ஷாஃப்ட்டை மட்டும் ஒரு மணி நேரம் ஓட்டி, பேரிங்கில் கை வைத்துப் பாருங்கள். கையை எடுக்காமல் பத்து எண்ண முடிந்தால் ரம்பத்தை மாட்டலாம்.